தாளாக வேண்டுமா, தகவலாக வேண்டுமா? - வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வீட்டிலும் அலுவலகத்திலும் சேர்ந்துபோகும் காகிதங்களைப் பற்றியவை. எனவே பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு மேசை முழுவதையும் காகிதங்களே பிடித்துக்கொண்டிருக்கின்றன. பில்கள், பள்ளிச் சுற்றறிக்கைகள், வங்கிக் கடிதங்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒழுங்காக அடுக்கி வைத்தாலும், ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. எங்கே தவறு? (ஒரு வாசகி)

பதில்: அடுக்குவதில் தவறில்லை. காகிதம் வீட்டுக்குள் வருவதற்குப் பல வழிகள் இருக்கின்றன; வெளியேறுவதற்கு ஒரு வழியும் இல்லை. நேராக அடுக்கி வைத்த குவியலும் குவியல்தான்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். அச்சுக்கும் நகலுக்கும் நாம் பயன்படுத்தும் சாதாரணத் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அப்படியானால் 30 செ.மீ. உயரத்துக்கு நெருக்கமாகப் படிந்த குவியலில் சுமார் 3,000 தாள்கள் இருக்கும். ஒரு தாளைப் பார்த்து, வைப்பதா எறிவதா என்று தீர்மானிக்கப் பத்து விநாடி போதும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு குவியலுக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை அன்று இது. பாதியில் களைத்துப்போய், மீதியை ஒரு பையில் திணித்து, அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவதில்தான் பெரும்பாலும் முடிகிறது.

ஆகவே பழைய குவியலில் கைவைக்காதீர்கள். அதை அப்படியே ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, வெளியே தேதியை எழுதி, ஓரமாக வைத்துவிட்டு, இன்று வீட்டுக்கு வரும் தாளிலிருந்து தொடங்குங்கள். உறையை நின்றபடியே பிரியுங்கள். வங்கியிலிருந்து வந்த தடித்த கடிதம் ஒன்றைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கிறது? ஒரு விளம்பரத் துண்டு, பொடி எழுத்தில் அச்சான மடிப்புத் தாள், வேண்டுமென்றே காலியாக விடப்பட்டதாகக் குறிப்பிடும் ஒரு பக்கம், இவற்றுக்கு நடுவே உங்களுக்கு உரிய ஒரே ஒரு தாள். மற்றவை உறையோடு சேர்ந்து அந்த இடத்திலேயே போகட்டும். குப்பைக்கூடை மேசைக்கு அருகில் இல்லாத வீடுகளில் இது நடப்பதே இல்லை. கூடையை இடம் மாற்றுவதுதான் முதல் வேலை என்றுகூடச் சொல்வேன்.

மிஞ்சிய அந்த ஒரு தாளைப் பார்த்துக் கேட்க வேண்டியது இது: இது எனக்குத் தாளாகவே வேண்டுமா, அல்லது இதிலுள்ள தகவல் இருந்தால் போதுமா? பிறப்புச் சான்றிதழ், சொத்துப் பத்திரம், கையொப்பமிட்ட ஒப்பந்தம், உயில் போன்றவை தாளாகவே வேண்டும். அவற்றின் பலமே அந்த அசலில்தான் இருக்கிறது. பள்ளிச் சுற்றறிக்கையில் உங்களுக்கு வேண்டியது ஒரு தேதி மட்டுமே. நாட்காட்டியில் குறித்த மறுநிமிடம் அந்தத் தாளுக்கு வேலை முடிந்தது. பணம் கட்ட வேண்டிய பில், நிரப்பி அனுப்ப வேண்டிய படிவம் போன்ற செயலுக்குரியவை மட்டும் ஒரு தட்டில் காத்திருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் அந்தத் தட்டோடு அரை மணி நேரம் உட்காருங்கள். தட்டு நிரம்பி வழிந்தால், அதற்காகப் பெரிய தட்டு வாங்கிவிடாதீர்கள்.

அட்டைப்பெட்டியில் போட்ட பழைய குவியலிலிருந்து ஏதேனும் தேவைப்பட்டால் தேடி எடுத்து, எடுத்ததை அதற்குரிய புதிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். ஓராண்டு கழித்தும் பெட்டியில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை வேண்டாதவையாகவே இருக்கும். ஆனாலும் பார்க்காமல் எறிந்துவிட வேண்டாம்; பணம், சொத்து, அடையாளம் தொடர்பான அசல் ஏதாவது இடையில் ஒளிந்திருக்கலாம்.

கேள்வி: ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு என்று நாற்பது கோப்புகள் போட்டு, எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் அவசரத்தில் எதுவும் கிடைப்பதில்லை. (பணி ஓய்வு பெற்ற வாசகர்)

பதில்: ஒரு வீட்டுக்கு நாற்பது கோப்புகள் மிக அதிகம். தலைப்புகள் நுணுக்கமாக ஆக ஆக, ஒரே தாள் மூன்று கோப்புகளுக்குப் பொருந்தத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியைப் பழுதுபார்த்த ரசீதை ‘ரசீதுகள்’ என்ற கோப்பில் வைத்தீர்களா, ‘உத்தரவாதம்’ என்பதிலா, ‘மின்சாதனங்கள்’ என்பதிலா என்பது வைத்த அன்றைக்கு உங்களுக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்துத் தெரியாது.

தாள் என்ன வகை என்பதைப் பார்த்துத் தலைப்பிடாமல், அதை எந்த வேளையில் தேடுவோம் என்பதைப் பார்த்துத் தலைப்பிட்டால் கோப்புகள் தாமாகவே குறைந்துவிடும். ‘வரிக் கணக்கு’, ‘மருத்துவரிடம் போகும்போது’, ‘வீட்டில் ஏதேனும் பழுதானால்’, ‘பயணம்’, ‘படிப்பும் வேலையும்’, ‘வீடு, நிலம்’ என்று பத்து அல்லது பன்னிரண்டு போதும். மருத்துவக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் அதை மருத்துவமனை வாரியாகப் பிரிக்கிறார்கள். மருத்துவர் கேட்பதோ ‘போன முறை பார்த்த சர்க்கரை அளவு என்ன?’ என்று, எந்தப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்தது என்பது அவருக்குப் பொருட்டில்லை. ஆகவே ஆளுக்கு ஒரு கோப்பு, அதற்குள் தேதி வரிசை, மிகப் புதியது மேலே. முதல் பக்கத்தில் ஒரே ஒரு தாளில் இப்போது சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள் ஆகியவற்றைத் தேதியோடு எழுதிச் செருகிவிடுங்கள். அவசர வேளையில் முந்நூறு பக்கக் கோப்பை யாரும் புரட்ட மாட்டார்கள். அந்த ஒரு தாளைப் படிப்பார்கள்.

கோப்புகளைப் படுக்கவைத்து அடுக்கியிருக்கிறீர்கள் என்றால் நிற்கவையுங்கள். படுத்திருக்கும் அடுக்கில் அடியில் இருப்பது இல்லாததற்குச் சமம். ஒரு காலத்தில் அலுவலகங்களில் கடிதங்களை மடித்து, மேசையின் சின்னச் சின்ன அறைகளில் செருகி வைத்தார்கள்; அல்லது தட்டைப் பெட்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தினார்கள். தாள்களை மடிக்காமல் நிற்கவைக்கும் செங்குத்துக் கோப்பு முறை 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் காட்சிக்கு வந்து, பின்னர் எங்கும் பரவியது. கணினித் திரையில் கோப்புறைக்கு இன்று காட்டப்படும் சிறு படத்தில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நாக்கு, நின்ற கோப்புகளில் தலைப்பு எழுதும் இடம்தான்.

தலைப்பே போடாத முறை ஒன்றும் உண்டு. ஜப்பானியப் பொருளியலாளர் யுகியோ நொகுச்சி 1990களில் பரப்பியது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெரிய உறை. ஓரத்தில் பெயரும் தேதியும். அலமாரியில் வகை பார்க்காமல் வரிசையாக நிறுத்த வேண்டும். புதிய உறையை இடக்கோடியில் வைக்க வேண்டும். எடுத்துப் பயன்படுத்திய உறையையும் பழைய இடத்தில் வைக்காமல் இடக்கோடியிலேயே வைக்க வேண்டும். நாளாக ஆக, தொடப்படாதவை வலப்பக்கம் ஒதுங்கிவிடும். எதைக் களையலாம் என்பதை அலமாரியே காட்டிவிடும். தனியாக வேலை செய்பவர்களின் நடப்புக் காகிதங்களுக்கு இது மிக நல்ல முறை. பலர் கைவைக்கும் குடும்பக் கோப்புகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; அந்த வரிசை ஒருவரின் நினைவோடு பின்னிப் பிணைந்தது. வீட்டுக் கோப்புக்குச் சோதனை வேறு: நீங்கள் ஊரில் இல்லாதபோது, தொலைபேசியில் கேட்காமல், வீட்டிலுள்ள மற்றொருவர் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துவிட முடிய வேண்டும்.

கேள்வி: உத்தரவாதத்துக்காகப் பத்திரமாக வைத்திருந்த ரசீதை எடுத்துப் பார்த்தால் வெற்றுத்தாளாக இருக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள்தான் வைத்திருந்தேன். (ஒரு வாசகர்)

பதில்: அந்த உறையே காரணமாக இருக்கலாம். கடைகளிலும் பணம் எடுக்கும் இயந்திரங்களிலும் தரப்படும் வழவழப்பான சீட்டுகளில் மை கிடையாது. தாளின் மேற்பூச்சில் நிறமற்ற சாயமும், அதை நிறங்கொள்ளச் செய்யும் மற்றொரு வேதிப்பொருளும் இருக்கின்றன. அச்சுத்தலையின் வெப்பம் படும் இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுப்பாகின்றன. இந்தச் சேர்க்கை நிலையானதன்று. வெளிச்சம், வெப்பம், கையிலுள்ள எண்ணெய்ப்பசை, செலோடேப்பின் பசை, பிவிசி என்ற மென்மையான பிளாஸ்டிக்கில் செய்த உறைகளிலிருந்து கசியும் நெகிழ்வூட்டிகள் (பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் பொருள்கள்) ஆகிய எல்லாமே எழுத்தை அழிக்கக்கூடியவை. ஒரு சீட்டு இந்த வகையா என்று அறிய, ஓரத்தில் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கருங்கோடு விழுந்தால் அதுதான்.

இத்தகைய ரசீதுகளில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் தகவல்தான். ஆகவே வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள், அல்லது சாதாரணத் தாளில் நகல் எடுத்து, அசலை மடிக்காமல் ஒரு காகித உறையில் அதனுடன் சேர்த்து வையுங்கள். பாதி மங்கியவற்றை ஸ்கேன் செய்து, நிறவேறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் எழுத்து மீளும். வேண்டாத சீட்டுகளை மறுசுழற்சிக் காகிதத்தோடு சேர்க்காதீர்கள். இவ்வகைத் தாள்கள் பலவற்றில், உடல்நலத்துக்குக் கேடானவை என்று கருதப்படும் பிஸ்பீனால் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. பிஸ்பீனால் ஏ எடையில் 0.02 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய வெப்ப அச்சுத் (தெர்மல்) தாளை ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் தடைசெய்திருக்கிறது.

கேள்வி: சான்றிதழ்களை லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: கூடாது. ஒருமுறை செய்துவிட்டால் தாளைச் சேதமின்றிப் பிரிக்க முடியாது; மேடாகப் பொறிக்கப்பட்ட முத்திரை தட்டையாகிவிடும்; அசலின் மீது கையெழுத்தோ முத்திரையோ இட வேண்டிய தேவை வந்தால் இட முடியாது; தாளைத் தொட்டுச் சரிபார்க்க விரும்பும் அலுவலர் ஏற்க மறுக்கவும் கூடும். அன்றாடம் காட்டுவதற்கு நகலை வேண்டுமானால் லேமினேட் செய்துகொள்ளுங்கள். அசலைப் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். கடும் பிளாஸ்டிக் வாடை வீசும் மலிவான உறை பிவிசியாக இருக்க வாய்ப்பு அதிகம். லேசர் அச்சின் எழுத்துகள் நாளடைவில் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும். ரப்பர் பேண்டு இளகிப் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். கிழிந்த இடத்தில் ஒட்டிய செலோடேப் காய்ந்து உதிர்ந்தாலும் அதன் பழுப்புக் கறை போகாது.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுக் காகிதத்தையே ஒழித்துவிட நினைக்கிறேன். சரிதானா? (மென்பொருள் துறையில் பணியாற்றும் வாசகர்)

பதில்: பாதி சரி. தகவலாக மட்டும் வேண்டியவற்றுக்கு ஸ்கேன் போதும். தாளாக வேண்டியவற்றுக்கு ஸ்கேன் என்பது அசல் தொலைந்தால் கைகொடுக்கும் துணை, அசலுக்கு ஈடாகாது. மின்னணு நகல் எந்தெந்த ஆவணங்களுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தால் மாறுவதால், எறியும் முன் அதைக் கேட்டறிவது உங்கள் பொறுப்பு.

எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்பவர்கள் மேசைமேல் இருந்த குப்பையைக் கணினிக்குள் கொட்டுகிறார்கள். ‘ஸ்கேன்0047’ என்று பெயரிட்ட கோப்பை எதிர்காலத்தில் யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கி, பின்னர் பொருளை எழுதுங்கள். ‘2024-03-15 வீட்டுக் காப்பீடு புதுப்பித்தல்’ என்பதுபோல இருந்தால், பெயர் வரிசையே தேதி வரிசையாகவும் அமைந்துவிடும். அச்செழுத்துத் தாள்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் பதியும் புள்ளிகளின் எண்ணிக்கை) போதுமானது. பழைய ஒளிப்படங்களுக்கு 600 வையுங்கள். நீண்ட காலம் வைக்க வேண்டியவற்றை பிடிஎஃப்/ஏ வடிவில் சேமிப்பது நல்லது. ஆவணக் காப்புக்கென்றே 2005இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம் அது. பின்பக்கத்தைப் பார்க்காமல் ஸ்கேன் செய்வது மிகப் பரவலான குறை. மேலெழுத்துகளும் பதிவு முத்திரைகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்பது கணினித் துறையில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்த பழைய விதிதான். வன்தட்டைத் தீத்தடுப்புப் பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தாள்களுக்கென்று செய்யப்படும் அத்தகைய பெட்டிகள், தீயின்போது உள்வெப்பம் சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி சோதிக்கப்படுகின்றன. தாள் அதைத் தாங்கும். கணினிச் சேமிப்புச் சாதனங்களுக்கான பெட்டிகளிலோ 52 டிகிரிதான் எல்லை.

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் பல ஆண்டுக் கோப்புகள் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. எதையும் எறிய யாருக்கும் துணிவில்லை. (நிறுவன உரிமையாளர் ஒருவர்)

பதில்: துணிவு இல்லாததற்குக் காரணம், எறிந்தவர் மீது பழி விழும் என்ற அச்சம். அந்த அச்சம் நியாயமானதே. எனவே முடிவைத் தனிமனிதரிடம் விடாமல் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எந்த வகை ஆவணம், எந்த நாளிலிருந்து எத்தனை ஆண்டுகள், யார் பொறுப்பில் என்ற அட்டவணையைக் கணக்காளரையும் வழக்கறிஞரையும் கேட்டுத் தயாரித்து, நீங்கள் கையெழுத்திட வேண்டும். காலவரம்புகள் நாட்டுக்கு நாடு, தொழிலுக்குத் தொழில் மாறுபவை. ஆகவே நண்பரின் நிறுவனத்து அட்டவணையை நகலெடுக்காதீர்கள். வழக்கோ தணிக்கையோ நடந்துகொண்டிருக்கும் பொருள் தொடர்பான தாள்களைக் காலம் கடந்திருந்தாலும் தொடக் கூடாது.

அதன்பிறகு வேலை எளிது. ஆண்டு முடிந்ததும் அந்த ஆண்டின் கோப்புகளை மூடிப் பெட்டியில் போடும்போதே, பெட்டியின் மேல் அழிக்க வேண்டிய ஆண்டையும் எழுதிவிட வேண்டும். பின்னால் எவரும் திறந்து படித்து முடிவெடுக்கத் தேவையிராது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த அறையில் கிடப்பவற்றில் கணிசமான பகுதி பிரதிகளாக இருக்கும். ஒரே ஒப்பந்தம் கணக்குப் பிரிவிலும், விற்பனைப் பிரிவிலும், மேலாளர் மேசையிலும் இருக்கும். அசல் யாரிடம் என்று தீர்மானித்தாலே பாதி இடம் காலியாகிவிடும்.

அழிப்பதற்கு நீளவாக்கில் நாடாவாக வெட்டும் இயந்திரம் போதாது. 1979இல் தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் அப்படி வெட்டப்பட்ட ஆவணங்களை, கைப்பற்றியவர்கள் நாடா நாடாவாகச் சேர்த்துப் படித்துவிட்டார்கள். கையால் கிழிப்பதும் அப்படியே: கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை தன் இறுதி நாட்களில் கிழித்துப்போட்ட தாள்கள் சுமார் 16,000 மூட்டைகளில் கிடைக்க, 1995 முதல் அவற்றை ஒட்டிச் சேர்க்கும் பணி நடந்தது. உங்கள் விலைப்பட்டியலுக்கு அவ்வளவு பொறுமைசாலிகள் வர மாட்டார்கள்தான். ஆனாலும் ஊதியம், அடையாள எண், வங்கிக் கணக்கு உள்ள தாள்களுக்குக் குறுக்காகவும் வெட்டும், பி-4 என்ற தரக்குறியீடு கொண்ட இயந்திரத்தை வாங்குங்கள். அதில் ஒரு துண்டின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டாது.

கேள்வி: அண்மையில் காலமான என் தந்தையாரின் அறையில் மூன்று பெட்டிகள் நிறையக் காகிதங்கள் இருக்கின்றன. திறந்தாலே மனம் கலங்கி மூடிவிடுகிறேன். (ஒரு வாசகி)

பதில்: படிக்கத் தொடங்குவதால்தான் கலக்கம். முதல் முறை எதையும் படிக்காதீர்கள். அலுவல் தொடர்பானவை, அவர் கைப்பட எழுதியவை, அச்சடித்த மற்றவை என்று மூன்றாகப் பிரிக்க மட்டும் செய்யுங்கள். முடிந்தால் அவரோடு அவ்வளவு நெருக்கமில்லாத உறவினர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரம் முதல் வகைக்கு மட்டுமே. வங்கிக் கணக்கு, காப்பீடு, ஓய்வூதியம், சொத்து, கடன் ஆகியவற்றின் தாள்களை உடனே எடுத்து வையுங்கள். உரிமை கோரக் காலவரம்பு உள்ளவை அவற்றில் இருக்கலாம். அச்சடித்தவற்றையும் உதறிப் பார்க்காமல் அப்புறப்படுத்தாதீர்கள். பழைய நாட்குறிப்புகளுக்குள்ளும் புத்தகங்களுக்குள்ளும் வைப்புத்தொகைச் சீட்டையும் பங்குப் பத்திரத்தையும் செருகி வைக்கும் பழக்கம் அந்தத் தலைமுறையில் பலருக்கு இருந்தது. குறியீடுபோல எழுதிய துண்டுச் சீட்டுகள் இருந்தால், அவற்றின் பொருள் தெரிந்தவர் இன்னும் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

கைப்பட எழுதியவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை. இவை தாளாகவே வேண்டியவை; அவருடைய கையெழுத்தும், அடித்துத் திருத்திய இடங்களும் தகவல் ஆகா. ஆனால் அத்தனையையும் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. வாராவாரம் எழுதிய கணக்குக் குறிப்புகளில் இரண்டு மூன்று பக்கங்கள் அவரைக் காட்டப் போதும். கடிதங்களை முழுமையாக வையுங்கள். அவற்றுக்கிடையே செய்தித்தாள் நறுக்குகள் இருந்தால் பிரித்துவிடுங்கள். மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற பொருள் காரணமாகச் செய்தித்தாள் பழுப்பேறி நொறுங்குவதோடு, ஒட்டியிருக்கும் தாளிலும் கறையைப் பதித்துவிடும். ஒளிப்படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும்.

கேள்வி: அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிப் பத்திரங்கள் நனைந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடலாம், ஆகவே அன்றே கவனிக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தில் பிரித்தால் கிழியும். கட்டாகவே தூக்கி, உறிஞ்சும் வெள்ளைத்தாளின் மேல் பரப்பி, மின்விசிறியை நேராகக் காட்டாமல் அறையில் காற்று ஓடும்படி வைத்து, அடித்தாளை அடிக்கடி மாற்றுங்கள். வெயிலும் முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். தாள் சுருண்டு, மை பரவும். ஒரே நாளில் உலர்த்த முடியாத அளவுக்கு இருந்தால், சிறு சிறு கட்டுகளாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது. பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்து உலர்த்தலாம். நீரில் கரையும் மையால் எழுதியவற்றையும் மைத்தெறிப்பு (இங்க்ஜெட்) அச்சில் வந்தவற்றையும் முதலில் எடுங்கள். லேசர் அச்சு சற்றுக் காத்திருக்கும்.